நன்றாக உறங்கி எழுந்த பிறகு சொன்ன பொய்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. என் வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டால் உங்கள் வீட்டில் கேட்கும், பிறகு கடிதம் எதற்கு? இப்போது எழுதச் சொன்னது அக்கா. ஏன் சொன்னாள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வீட்டு விவரம். அக்காவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடந்துதான் போகிறாள். உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள், அதனால் பைபிள் சரியாக மூடுவதில்லை. எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னால் கேட்கமாட்டாள். போலீசில் இருக்கிற உங்கள் பேத்தி ஷைனி ஒரு விசாரணையில் மாட்டியிருக்கிறாள். பயப்பட வேண்டாம். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

வாசகசாலைக்காரர்கள் உங்கள் ஓராண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அட்டையில் உங்கள் படம், அதன் கீழே 'எல்லைப் போராட்ட வீரர் டிரைவர் தாசையன்' என்று போடப்போகிறார்களாம். என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். மச்சினன் என்பதற்காக மட்டும் அல்ல, அன்று எதிர்ப்பக்கம் லத்தியோடு நின்றவன் என்பதற்காகவும். "பழையதை எல்லாம் மறந்து ரெண்டு நல்ல வார்த்தை எழுதித் தாருங்க" என்றார் செயலாளர். மறந்து எழுத எனக்குத் தெரியவில்லை அத்தான். இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

படிக்கிறவர்களுக்காக நீங்கள் அறிந்த சிலவற்றையே திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்த வருடங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. போலீசில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் அப்போது குழித்துறைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் அக்காவைக் கட்டி இரண்டு வருடம். அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். கூட்டம், கொடி எதிலும் உங்களுக்கு அக்கறை கிடையாது. எந்த ராஜ்யம் வேண்டும் என்று யாராவது கேட்டால், "எனக்கு ரெண்டு பக்கமும் ரோடு ஒண்ணாக்கும், குழியும் ஒண்ணாக்கும்" என்பீர்கள். எனக்குத்தான் மனசுக்குள் ஆசை இருந்தது. தமிழ் பேசுகிற ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அதைக் கேட்டு வருகிறவர்களைத் தடுக்கப் போய் நின்றேன்.

ஊரில் என்னைக் கண்டால் சிலர் துப்பினார்கள். ஸ்டேஷனில் சிலர் என்னைத் தமிழன் என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம் அத்தான். உறக்கம் இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஐந்து நாட்களைப் பற்றி உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை. ஆள் போதாமல் இருந்ததால் ஒரு டூட்டி முடிந்தால் அப்படியே அடுத்தது. முதல் நாள் ரோட்டில் மறியல். இரண்டாம் நாள் லாக்கப் காவல். பிறகு செங்கல் என்ற ஊர்ப்பக்கம் வீடு வீடாகத் தேடுதல். பிறகு திருப்புறத்தில் ஒரு கூட்டம். உறங்கக் கிடைத்தது வேனுக்குள் ஒரு மணி நேரம், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் அரை மணி நேரம், அவ்வளவுதான். லத்தியை ஊன்றி நின்றபடி கண்ணைத் திறந்துகொண்டே உறங்கப் பழகினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் லாக்கப்பில் இருந்தவர்களை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன், பதினொன்று. மறுபடி எண்ணினேன், பதின்மூன்று. என்னோடு காவல் நின்ற மாதவன் எண்ணினான், அவனுக்குப் பத்து. இருவரும் சிரித்தோம். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே இருந்த ஒரு பெரியவர், "இதுகளுக்குப் பிராந்து பிடிச்சாச்சு" என்றார். பைத்தியம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் கம்பி வழியாக லத்தியை விட்டு அவரை இடித்தேன். சிரித்துக்கொண்டிருந்த அதே முகத்தோடு இடித்தேன்.

இடித்துவிட்டு எனக்குள் ஒன்றுமே தோன்றவில்லை. கோபம் இல்லை, பாவம் என்றும் இல்லை. மறுநாள் தண்ணீர் தரத் தாமதித்த சாயாக்கடைக்காரரின் கிளாசை ரோட்டில் எறிந்து உடைத்தேன். அன்றைக்கே ஒரு வீட்டு முற்றத்தில் கன்றுக்குட்டி பால் குடிப்பதைப் பார்த்து அழுகை வந்தது. எதற்கு அழவேண்டும், எதற்கு இரங்கவேண்டும் என்கிற கணக்கெல்லாம் எனக்குள் தாறுமாறாகிவிட்டது. அறிவிப்புப் பலகையில் என் பெயரையே மூன்று முறை வாசித்த பிறகுதான் அது நான் என்று விளங்கியது.

இதெல்லாம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னது எனக்கு ஓர்மை உண்டு. "ஒறக்கம் வந்தா நான் வண்டிய ஓரங்கட்டீருவேன் மக்கா. மொதலாளி கத்துவாரு, வண்டியில இருக்கிய ஆளுவளும் கத்தும். கத்தட்டும். ஒனக்கெல்லாம் ஓரங்கட்ட எடம் உண்டா?" என்றீர்கள். நான் பெருமையாக, "போலீசுக்காரனுக்கு என்ன ஒறக்கம்" என்றேன். அக்கா சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள். உச்சிவெயில். சந்தைப் பக்கமிருந்து ஊர்வலம் வருகிறது என்று எங்களை ரோட்டின் குறுக்கே வரிசையாக நிறுத்தினார்கள். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் மறிபட்டுக் கிடந்தன. அவற்றில் உங்கள் பஸ்ஸும் ஒன்று என்பது எனக்குத் தெரியாது. கூட்டத்திலிருந்து எங்கிருந்தோ ஒரு கல் வந்து மாதவனின் தோளில் விழுந்தது. அவன் 'அம்மே' என்று உட்கார்ந்தான். அதற்குப் பிறகு எனக்கு எல்லாக் கையும் கல் பிடித்த கையாகத் தெரிந்தது.

கலைக்கச் சொன்னார்கள். ஓடினோம், அடித்தோம், ஜனங்கள் கடைகளுக்குள்ளும் தோப்புகளுக்குள்ளும் சிதறினார்கள். நான் திரும்பியபோது வண்டிகள் நின்ற பக்கத்திலிருந்து ஒருவர் வேகமாக என்னை நோக்கி வந்தார். வலதுகையை உயர்த்தினார். கையில் உருண்டையாக ஏதோ இருந்தது. நான் மணிக்கட்டில் அடித்தேன்.

அத்தான், உங்கள் முகம் என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டது. ஆனால் கண்ணில் பட்டது மண்டைக்குள் போய்ச் சேரவில்லை. நீங்கள் குனிந்து, "எலே, நானாக்கும், நானாக்கும்" என்றீர்கள். அந்தச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எங்கேயோ கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது முறையும் அடித்தேன். அது தோளில் விழுந்தது. வேறு இரண்டு பேர் வந்து உங்களை வேனில் தூக்கிப் போட்டார்கள். நான் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டேன்.

அன்று பிற்பகல் எங்களை மாற்ற வேறு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஸ்டேஷன் பின்பக்கத்து அறையில் பெஞ்சில் சாய்ந்தேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. எழுந்தபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. அப்படி ஒரு உறக்கத்தை அதற்கு முன்னும் உறங்கியதில்லை, பின்னும் இல்லை. தலை கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் தென்னையில் ஏறுவது, தூரத்தில் வண்டிச்சத்தம், எல்லாம் தெளிவாக, தனித்தனியாகத் தெரிந்தது.

முகம் கழுவக் கையை நீட்டினேன். சட்டைக் கைமடிப்பில் சோற்றுப்பருக்கைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. கொஞ்சம் தேங்காய்ச் சம்மந்தித் துவையலும் நெத்திலிக் கருவாட்டின் ஒரு துண்டும். அக்கா வைக்கிற சம்மந்தியின் மணத்தை நான் எங்கே இருந்தாலும் அறிவேன். அந்த மணத்தோடு உங்கள் முகமும் நீங்கள் கூப்பிட்ட சத்தமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

மாதவனிடம், "நேத்து நான் அடிச்சது யாரை?" என்று கேட்டேன். அவன் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். "நின்டெ அளியனெ" என்றான். உன் அக்கா புருஷனை. பிறகு சொன்னான், நீங்கள் வேனில் வரும் வழியெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம், "அவன் அஞ்சு நாளா வீட்டுக்கு வரேல்ல, அவனுக்க அக்கா சோறு குடுத்து விட்டா" என்று. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

இதுவரை நடந்ததற்கு நீங்கள் என்னை மன்னித்தீர்கள். ஊரும் மன்னித்தது. ஆனால் இதற்கு அடுத்து நடந்ததைப் போன மாதம் வரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

மத்தியானம் ஸ்டேஷன் ரைட்டர் என்னை அழைத்தார். வாக்குமூலம் எழுதுகிற ஏட்டு அவர். மேஜைமேல் ஒரு கருங்கல், அதில் நூலால் கட்டிய ஒரு சீட்டு. சீட்டில் உங்கள் பெயர். "இதுதான் ஒனக்க அளியன் கையில இருந்தது. இல்லியா?" என்றார். நான் சீட்டில் இருந்த பெயரை வாசித்தேன். "கல்லு இல்லேன்னா நீ அவனை அடிச்சது என்னத்துக்கு? எலும்பு ஒடிஞ்சிருக்கு. காரணம் சொல்லாண்டாமா? காரணம் இல்லேன்னா தொப்பிய ஊரி வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொந்தக்காரனே சொன்னா கோர்ட்டு நம்பும் பாத்துக்க" என்றார்.

வாக்குமூலத்தை அவர் எழுதி வாசித்தார். கல்லை ஓங்கிக்கொண்டு வந்தார், தற்காப்புக்காக அடித்தேன் என்று. அத்தான், அதைக் கேட்டபோது என் தலை எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெயரை அவர் தப்பாக எழுதியிருந்தார். நான் அதைக் கண்டுபிடித்து, திருத்தச் சொன்னேன். அவர் திருத்தினார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பெயர் தப்பாக இருக்கக்கூடாது என்று பார்த்தவனுக்குக் கல் பொய் என்று தெரியாதா?

நெய்யாற்றின்கரை கோர்ட்டிலும் அதையே சொன்னேன். அதற்குள் போராட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது. வாரக்கணக்கில் நன்றாக உண்டு உறங்கிய உடம்போடு போய் நின்றேன். சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் உங்களிடம் கேட்டார். நீங்கள் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு என்னையே கொஞ்சநேரம் பார்த்தீர்கள். "ஒண்ணும் கேக்க இல்ல" என்றீர்கள். நான்கு மாதம் போட்டார்கள். நீங்கள் உள்ளே இருந்தபோதுதான் பையன் பிறந்தான்.

அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே அத்தான். "கல்லா, சோறா?" என்று ஒரே ஒரு வார்த்தை. ஏன் கேட்கவில்லை?

நீங்கள் வெளியே வந்த அன்று உங்களை மாலை போட்டு மேடையேற்றினார்கள். 'கல்லெறிந்த சிங்கம்' என்று ஒருவர் பேசினார். மேடை ஓரத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற நாலு போலீசாரில் நானும் ஒருவன். உங்களைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடிக்க வலதுகையால் முடியவில்லை, இடதுகையால் பிடித்தீர்கள். "நான் கல்லு எறியேல்ல. எனக்க கையில சோறாக்கும் இருந்தது, எனக்க மச்சினனுக்குக் கொண்டுபோன சோறு" என்றீர்கள். ஜனங்கள் சிரித்தார்கள். கைதட்டினார்கள். சிங்கத்துக்கு வேடிக்கையும் தெரியும் என்று நினைத்தார்கள். இரண்டாம் தடவையும் சொன்னீர்கள், கைதட்டல் இன்னும் கூடியது. இறங்கிவிட்டீர்கள்.

இப்படியாக, போலீசுக்கும் நீங்கள் கல்லெறிந்தவர், போராடியவர்களுக்கும் கல்லெறிந்தவர். உண்மை தெரிந்த ஒருவன் தொப்பி வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றான்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். யாரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள். "அவனை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாண்டாம். அஞ்சு நாளு ஒறங்காத கண்ணு. சோறு அவனுக்குக் கல்லாட்டுத் தெரிஞ்சிருக்கும். கோர்ட்டுலயும் கண்டதத்தானே சொன்னான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இல்லியா மக்கா?" என்றீர்கள்.

"ஆமா அத்தான்" என்றேன்.

அந்த 'ஆமா'வோடு என் உறக்கம் போயிற்று. கண்ணை மூடினால் போதும், அந்தப் பெயரைத் திருத்திய நிமிஷம் வந்துவிடும். லத்தி ஓங்கிய நிமிஷம் வராது, கவனித்தீர்களா? டாக்டர்கள் மாத்திரை தந்தார்கள், எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், ஜெபிக்கச் சொன்னார் போதகர். ஒன்றும் பலிக்கவில்லை. எல்லை பிரிந்தது. தெற்கே நாலு தாலுகாவும் அந்தப் பக்கம் போயின, நம் ஊர் இந்தப் பக்கமே நின்றது. நான் கேரளா போலீசாகி, ஏட்டாகி, ரிட்டயரும் ஆனேன்.

என் கீழே இருந்தவர்களை இரண்டு நாளுக்கு மேல் விழித்திருக்க நான் விட்டதில்லை. அதற்காக மேலே எத்தனையோ திட்டு வாங்கினேன். தள்ளாடுகிறவனைக் கண்டால் லத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "போய் ஒறங்கீட்டு வா" என்று அனுப்புவேன். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரும் உங்கள் கையை முறித்துச் சம்பாதித்ததுதான்.

உங்களுக்கு அதற்குப் பிறகு ஸ்டியரிங் கிடைக்கவில்லை. மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது, அந்தக் காலத்து வண்டியை வளைத்துத் திருப்ப அது போதாது. முதலாளி உங்களைப் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வைத்தார். எத்தனை வருடம், மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போவதற்கு நீங்கள் விசில் ஊதினீர்கள். ஒரு நாள் நான் அந்த வழியே போகும்போது, நின்றுகொண்டிருந்த ஒரு காலி வண்டியின் டிரைவர் சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் இருந்தது. நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. நான் திரும்பி வேறு வழியாகப் போனேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருந்தேன். அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நீங்கள் கண்ணைத் திறந்து, "இப்பமாவது ஒறக்கம் உண்டா மக்கா?" என்று கேட்டீர்கள். "உண்டு அத்தான்" என்றேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அது ஒரு கேள்வி மட்டும்தான் என்று நான் நினைத்தேன். அவ்வளவு மடையனாக இருந்தேனா, இல்லை, மடையனாக இருப்பது வசதியாக இருந்ததா?

இனி ஷைனியின் விஷயம். போன மாதம் அவளுக்குத் தொடர்ச்சியாக டூட்டி. ஒரு திருவிழா முடிந்து ஒரு மந்திரி வரவு, அது முடிந்து ஒரு மறியல். மூன்று நாள் கழித்துப் பனச்சமூடு ஜங்ஷனில் டிராபிக் பார்க்க நிறுத்தினார்கள். வாழைக்குலை கட்டிய சைக்கிளோடு ஒரு வயசாளி ரோட்டோரம் நின்றிருக்கிறார். தள்ளிப் போகச் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் காது சரியில்லை, கேட்கவில்லை. நம் ஷைனி அவர் கன்னத்தில் அடித்துவிட்டாள். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

அவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். யூனிபார்மோடு தரையில் உட்கார்ந்து என்னிடம், "எனக்கு என்னமோ பிடிச்ச மாதிரி இருந்துது பாட்டா. அடிச்ச பொறவும் ஒண்ணும் தோணேல்ல. அந்த ஆளு குனிஞ்சு கண்ணாடியத் தேடினாரு, நான் அதையும் சும்மா பாத்துட்டு நின்னேன்" என்றாள். அவள் ஸ்டேஷனில், அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்தார் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் அவள் தப்பிவிடலாம். ஒறங்கீட்டு வாறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அக்கா பாய் விரித்துக் கொடுத்தாள். மறுநாள் வரை உறங்கினாள்.

எழுந்ததும் ஒரு பேப்பர் கேட்டாள். எங்கள் முன்னாலேயே எழுதினாள். அந்தப் பெரியவர் என் கையைப் பிடிக்கவில்லை, நான்தான் அடித்தேன் என்று. அக்கா பதறினாள். "எதுக்கு மக்களே இப்பிடி எழுதுதே? ஒறக்கம் இல்லாததுனால வந்த வினைதானே. ஒனக்க இந்தப் பாட்டாவுக்கும் அப்பிடித்தானே ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஷைனி எழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஒறங்காமத்தான் அடிச்சேன் பாட்டி. சரி. ஆனா இப்பம் நான் ஒறங்கி எழும்பியாச்சுல்லா."

அவள் ஸ்டேஷனுக்குப் போன பிறகு நான் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சட்டையில் ஒட்டிய பருக்கை, மேஜைமேல் இருந்த கல், நான் திருத்தச் சொன்ன வீட்டுப் பெயர். அக்கா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "செயிலுல பாக்கப் போன அன்னைக்கே அவரு சொன்னாரு. 'ஒனக்க தம்பி கோர்ட்டுல வந்து நின்னான், நல்லா ஒறங்கின மொகம்'னு. வண்டி ஓட்டுதவருக்கு அது தெரியாம இருக்குமா? நான் கரஞ்சு அழுதேன். அவரு, 'நீ அவன்ட்ட கேக்காண்டாம், நானும் கேக்க மாட்டேன். அவன் தானாட்டு வந்து சொல்லட்டும்'னு சொன்னாரு."

"அப்பம் ஊருக்கு முன்னால எனக்காகப் பேசினது?"

"ஒனக்குப் பேசுததுக்கு ஒரு வழி விட்டுத் தந்தாரு. நீ 'ஆமா'ன்னு சொல்லி அதையும் அடைச்சே. அதுக்குப் பொறவும் இருந்தாரு. ஆஸ்பத்திரியில இருந்து நான் கஞ்சி வாங்கப் போனது எதுக்குன்னு நெனச்சே? அவருதான் என்னைப் போகச் சொன்னாரு."

நான் அவள் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். கோபமாக அல்ல. "என்னட்ட சொல்லி என்ன? காத்திருந்தது நானா? அவருட்ட சொல்லு" என்றாள். அதன் பிறகு மரச்சீனியை அடுப்பில் போட எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன் அத்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் காத்துக்கொண்டா இருந்தீர்கள்? பேச்சு நின்றுபோகிற நேரத்தில் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்ப்பீர்களே, அது அதற்குத்தானா? உறங்காதவன் என்று சொல்லி நீங்கள் எனக்குப் போர்த்திவிட்ட போர்வைக்குள் நான் ஒளிந்தே கிழவனாகிவிட்டேன். அதை நானே விலக்கிக்கொண்டு வெளியே வருவேன் என்று நம்பி நீங்களும் கிழவராகிப் போய்ச் சேர்ந்தீர்கள்.

அக்கா என்னிடம் இப்போது பேசுகிறாள், ஆனால் குறைவாக. சோறு போடுகிறாள். 'மன்னிச்சாச்சு' என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவள் தருகிறபோது தரட்டும், தராவிட்டாலும் அவள் பக்கம்தான் நியாயம்.

ஷைனியின் விசாரணை வருகிற புதன்கிழமை. அவளுக்குத் தண்டனை உண்டு, வேறு ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்கிறார்கள். நான் அவளோடு போவேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே பெஞ்சில் இருப்பேன். அந்தக் குலைக்காரப் பெரியவரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் அவள். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.

உங்கள் நினைவுநாளுக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். போவேன் அத்தான். அடித்தபோது நான் உறங்காதவன், பொய் சொன்னபோது நன்றாக உறங்கி எழுந்தவன் என்று சொல்வேன். அவர்கள் சிரிக்கலாம், கிழவன் உளறுகிறான் என்று கைதட்டலாம். தட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். பிறகு மறுபடியும் சொல்வேன். அவர்களுக்கு விளங்கும்வரை மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

உங்கள் மனைவிக்குத் தம்பி,
உங்களைக் காக்க வைத்த மச்சினன்,
ராஜையன்